கதை நடந்த ஊருக்கு ஒரு நாள் பயணம்
ஜப்பானின் அனிமே தலங்களும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் கதைத்தலங்களும்

அனிமே எனப்படும் ஜப்பானிய அசைபடங்களில் வரையப்பட்ட தெரு, ரயில் நிலையம், பள்ளிக்கூடம், கோயில் படிக்கட்டு போன்றவற்றின் அசல் இடங்களைத் தேடிச் சென்று பார்க்கும் வழக்கத்துக்கு ஜப்பானிய மொழியில் ‘செய்ச்சி ஜுன்ரெய்’ என்று பெயர். புனிதத்தல யாத்திரை என்பது அதன் நேர்ப்பொருள். சமயத்துக்கே உரிய இந்தச் சொல்லை ரசிகர்கள் தங்கள் பயணத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். 2016-ஆம் ஆண்டின் புதுச்சொற்களைத் தேர்ந்தெடுத்த ஜப்பானியப் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் இந்தச் சொல்லும் வந்தது.

இந்தப் பயணங்களில் பெரும்பாலானவை காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பும் பயணங்கள். பையில் ஒரு கேமரா, கைப்பேசியில் படத்திலிருந்து எடுத்த சில காட்சிகள், ஒரு ரயில் சீட்டு இவை போதும். போய்ச் சேர்ந்ததும் பயணி செய்யும் முதல் காரியம், படத்தில் ஓவியர் எங்கே நின்று பார்த்தாரோ அதே புள்ளியைக் கண்டுபிடித்து நிற்பது. மின்கம்பம், மதில், மலையின் வரி எல்லாம் காட்சியோடு ஒத்துவரும்வரை ஓர் அடி முன்னும் பின்னுமாக நகர்ந்து பார்ப்பார். ஒத்துவந்த கணத்தில் கதையும் நிலமும் ஒன்றாகின்றன. இந்தப் பயணத்தின் உயிர் அந்தக் கணத்தில்தான் இருக்கிறது.

வழக்கம் உருவான விதம்

அசைபடத்தில் மனிதர்களை எளிய கோடுகளில் வரைந்துவிட்டு, பின்னணியை மட்டும் மிக நுணுக்கமாகத் தீட்டுவது ஜப்பானியக் கலைஞர்களின் நெடுநாள் பழக்கம். கதை நடக்கப்போகும் இடத்துக்குக் குழுவாகச் சென்று புகைப்படங்கள் எடுத்துவந்து, அவற்றைப் பார்த்துப் பின்னணி வரைவார்கள். டிஜிட்டல் கேமராவும் கணினி வழி வண்ணம் தீட்டலும் 2000-ஐ ஒட்டிப் பரவியபோது இந்த வேலை எளிதாயிற்று. எந்த ஊர் என்று படம் சொல்லாதபோதும், பார்த்தவர்கள் கடைப் பலகையையும் மலையின் வடிவத்தையும் கொண்டு ஊரைக் கண்டுபிடிக்கத் தொடங்கினார்கள். நாகானோ மாகாணத்தின் கிசாகி ஏரிக்கரையைக் களமாகக் கொண்ட ‘ஒனேகாய் டீச்சர்’ என்ற 2002-ஆம் ஆண்டுத் தொடர் இவ்வகைப் பயணங்களின் தொடக்க காலத்தைச் சேர்ந்தது.

ஷிகா மாகாணத்தின் தொயோசாதோ என்ற சிற்றூரில் 1937-இல் கட்டப்பட்ட ஒரு தொடக்கப்பள்ளிக் கட்டடம் இருக்கிறது. அதன் மாடிப்படிக் கைப்பிடியில் வெண்கலத்தாலான முயலும் ஆமையும் ஏறிக்கொண்டிருக்கும். இடிக்கப்படும் நிலைக்கு வந்த அந்தக் கட்டடத்தை ஊர்மக்களின் எதிர்ப்புதான் காப்பாற்றியது. 2009-இல் ஒளிபரப்பான ‘கே-ஆன்!’ தொடரின் பள்ளிக்கூடம் இந்தக் கட்டடத்தைப் பார்த்து வரையப்பட்டது. ஊரின் பெயர் தொடரில் எங்கும் வரவில்லை. ஆனாலும் ரசிகர்கள் அந்த ஆமையை வைத்தே ஊரைக் கண்டுகொண்டார்கள். இன்றும் அங்கே போகிறவர்கள் முதலில் தேடுவது மாடிப்படி ஆமையைத்தான்.

கமாகுராவுக்கும் புஜிசாவாவுக்கும் இடையே 10 கி.மீ. ஓடும் எனோதென் என்ற சிறு ரயில்பாதையில், கமாகுராகோகோமாயே நிலையத்தை ஒட்டி ஒரு ரயில்வே கேட் உண்டு. சாய்ந்து இறங்கும் தெரு, குறுக்கே தண்டவாளம், அப்பால் கடல். 1993-இல் தொடங்கிய ‘ஸ்லாம் டங்க்’ தொடரின் தொடக்கப் பாடலில் வரும் காட்சி இது. 2016-இல் வெளிவந்த மகோதோ ஷின்காயின் ‘கிமி நோ நா வா’ திரைப்படத்தின் இறுதிக் காட்சி டோக்கியோவின் யோத்சுயா பகுதியில் சுகா கோயிலருகே உள்ள படிக்கட்டில் நிகழ்கிறது. அதே படத்தின் ரயில் நிலையக் காட்சி கிஃபு மாகாணத்தின் ஹிதா-புருகாவா நிலையத்தைப் பார்த்து வரையப்பட்டது.

ஊர்கள் கண்ட நன்மையும் தொல்லையும்

டோக்கியோவுக்கு வடக்கே, சாய்தாமா மாகாணத்தின் வாஷினோமியா கோயில் இவ்வழக்கத்தை ஆராய்பவர்கள் அனைவரும் எடுத்துக்காட்டும் இடம். 2007-இல் வந்த ‘லக்கி ஸ்டார்’ தொடரில் வரும் இரட்டைச் சகோதரிகளின் வீடு ஒரு கோயில். கழுகைக் குறிக்கும் ‘வாஷி’ என்ற பெயரைப் பருந்தைக் குறிக்கும் ‘தாகா’வாக மாற்றி, ‘தாகானோமியா’ என்று தொடர் அந்தக் கோயிலை அழைத்தது. புத்தாண்டின் முதல் மூன்று நாள்களில் அங்கே வழிபட வந்தவர்கள் 2007-இல் சுமார் 1,30,000 பேர். 2008-இல் சுமார் 3,00,000 பேர். 2010-இல் சுமார் 4,50,000 பேர். வேண்டுதல் எழுதித் தொங்கவிடும் மரப்பலகைகளில் ரசிகர்கள் கதாபாத்திரங்களை வரைந்து தொங்கவிட்டார்கள். ஊர் வணிகர்கள் ரசிகர்களை விரட்டாமல் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். ஊர்த் திருவிழாவில் தொடரின் பெயரால் ஒரு பல்லக்கும் புறப்பட்டது.

இபராகி மாகாணத்தின் ஓஆராய் கடற்கரை நகரம் 2011 மார்ச் மாதச் சுனாமியில் சேதமடைந்தது. 2012-இல் வந்த ‘கேர்ள்ஸ் உண்ட் பான்சர்’ தொடர் அந்த நகரையே களமாக்கியது. கடைக்காரர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரத்தின் பலகையைத் தங்கள் கடைவாசலில் நிறுத்தினார்கள். பார்க்க வந்தவர்கள் கடைகடையாக ஏறி இறங்கினார்கள். ஒரே இடத்தில் குவியவேண்டிய கூட்டம் தெரு முழுதும் பரவியது. வருமானமும் தெரு முழுதுக்கும் கிடைத்தது.

எல்லா ஊருக்கும் இந்த நல்லூழ் வாய்க்கவில்லை. கமாகுரா ரயில்வே கேட்டருகே சாலையின் நடுவில் நின்று படம் எடுப்பவர்களால் போக்குவரத்து தடைபட்டது, குடியிருப்பவர்கள் அவதிப்பட்டார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்தக் காவலாள் வைக்கவேண்டி வந்தது. படத்தில் வந்தது என்பதற்காக ஒருவரின் வீட்டுவாசலையும் இயங்கும் பள்ளிக்கூடத்தையும் படம் பிடிக்கலாகாது என்பதைப் பொறுப்புள்ள ரசிகர்கள் தங்களுக்குள் விதியாகவே வைத்திருக்கிறார்கள். 2016-இல் தொடங்கிய அனிமே சுற்றுலாச் சங்கம் ரசிகர்களின் வாக்கைக் கொண்டு 88 தலங்களைத் தேர்ந்தெடுக்கிறது. ஷிகோகு தீவின் 88 பௌத்தக் கோயில்களைச் சுற்றிவரும் பழைய யாத்திரையிலிருந்து வந்த எண் அது. புதிய வழக்கம் தன் வடிவத்தைப் பழைய யாத்திரையிடமிருந்தே பெற்றிருக்கிறது.

தமிழில் இதன் வேர்

ஓர் ஊர் கலையில் இடம்பெற்றதாலேயே யாத்திரைக்கு உரியதாவது தமிழருக்குப் பழகிய செய்தி. ‘பாடல் பெற்ற தலம்’ என்ற சொல்லே அதைத்தான் சொல்கிறது. தேவார மூவர் பாடியதால் சைவத் தலங்கள் 276 என்றும், ஆழ்வார்கள் மங்களாசாசனம் செய்ததால் வைணவத் தலங்கள் 108 என்றும் கணக்கு உண்டு. யாத்திரை போகிறவர் அந்தந்த ஊரில் அந்தந்த ஊருக்குரிய பதிகத்தைப் பாடுவார். பதிகத்தில் வரும் ஆறும் சோலையும் கண்ணெதிரே நிற்கும். கைப்பேசியில் காட்சியை வைத்துக்கொண்டு அதே கோணத்தில் நிற்கும் ஜப்பானிய இளைஞரின் செயலும், பதிகத்தைப் பாடிக்கொண்டு சன்னிதியில் நிற்கும் அடியாரின் செயலும் ஓர் இனத்தவை. விழுப்புரம் பகுதி சைவ மரபில் நடுநாடு என்று வழங்குவது. திருவாமாத்தூர், பனையபுரம், திருவெண்ணெய்நல்லூர், திருக்கோவலூர் எனப் பாடல் பெற்ற ஊர்கள் இங்கே அருகருகே இருக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டில் இந்த வேலையை வாரப் பத்திரிகையின் தொடர்கதை ஏற்றுக்கொண்டது. கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி ‘சிவகாமியின் சபத’த்தை 1944 முதல் 1946 வரையிலும், ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரையிலும் தொடராக எழுதினார். கதை நடக்கும் இடங்களை நேரில் பார்த்து எழுதுவதில் அவருக்கு அக்கறை இருந்தது. பொன்னியின் செல்வனுக்காக இலங்கைக்கும் சென்றார். அந்தத் தொடருக்கு ஓவியர் மணியம் வரைந்த படங்கள் வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் முகம் கொடுத்தன. எழுத்தும் ஓவியமும் சேர்ந்து வாரந்தோறும் வீட்டுக்கு வந்ததால், அனிமே ஜப்பானில் செய்ததைத் தமிழ்நாட்டில் தொடர்கதை அரை நூற்றாண்டு முன்பே செய்தது. வீரநாராயண ஏரிக்கரையையும் பழையாறையையும் கோடிக்கரையையும் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கப் போகும் வாசகர்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் மணிரத்னத்தின் திரைப்படங்கள் வந்தபின் அந்தப் பயணிகளின் தொகை பெருகியது.

இதற்கிடையில் அனிமேயும் தமிழ் பேசத் தொடங்கிவிட்டது. யூகோ சாகோ இந்தியக் கலைஞர் ராம் மோகனோடும் கோய்ச்சி சாசாகியோடும் இணைந்து 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய ராமாயண அசைபடம் 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடு திரையரங்குகளுக்கு வந்தது. ‘டீமன் ஸ்லேயர்’ வரிசையின் ‘இன்பினிட்டி காசில்’ 2025 செப்டம்பரில் தமிழிலும் வெளியானது. அனிமே பார்த்து வளர்ந்த விழுப்புரத்து இளைஞருக்குக் கமாகுராவின் ரயில்வே கேட் தெரியும். தன் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், தமிழின் புகழ்பெற்ற கதைகள் தொட்ட இடங்கள் இருப்பது பலருக்கும் தெரியாது.

வராக நதிக்கரையில் ஒரு பல்லவர் குடைவரை

சிவகாமியின் சபதம் காஞ்சியிலும் மாமல்லபுரத்திலும் நடக்கும் கதை என்பதே பொதுவான நினைவு. ஆனால் வெள்ளத்தில் சிக்கிய சிற்பி ஆயனரும் அவர் மகள் சிவகாமியும் கரைசேர்ந்து தங்கும் சிற்றூர் வராக நதியோரத்தில் இருக்கிறது. நாவல் அதை மண்டபப்பட்டு என்று அழைக்கிறது. செஞ்சிக்கு மேற்கேயுள்ள மலைகளில் பிறந்து புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கும் சங்கராபரணிக்கு வராக நதி என்றும் பெயர் உண்டு. விழுப்புரம்–செஞ்சி சாலையில், விழுப்புரத்திலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ள மண்டகப்பட்டுக்கு ஊர்ப்பெயரும் ஆற்றின் பெயரும் வாசகரை அழைத்துவந்துவிடுகின்றன.

வந்து சேர்ந்தவரின் கண்முன் நிற்பது தமிழகக் கலை வரலாற்றின் திருப்புமுனைகளில் ஒன்று. ஒரு பாறையின் முகத்தை நேராக வெட்டி, உள்ளே குடைந்து அமைத்த சிறிய கோயில். முகப்பில் இரண்டு முழுத்தூண்கள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அரைத்தூண்கள். ஒவ்வொரு தூணும் கீழே சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, மேலே சதுரம். இரு ஓரங்களிலும் மாடங்களுக்குள் வாயிற்காவலர்கள் நிற்கிறார்கள். உள்ளே பின்சுவரில் மூன்று சிற்றறைகள் இருக்கின்றன. மூன்றும் இன்று வெறுமையாக இருக்கின்றன.

வெறுமையான அந்த அறைகள் யாருக்கானவை என்பதைக் கிரந்த எழுத்தில் அமைந்த சமஸ்கிருதக் கல்வெட்டு சொல்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவும் இல்லாமல் பிரமனுக்கும் ஈசுவரனுக்கும் விஷ்ணுவுக்கும் விசித்திரசித்தன் எடுப்பித்த கோயில் என்பது அதன் செய்தி. விசித்திரசித்தன் என்பது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். புதுமைகளில் மனம் தோய்ந்தவன் என்று பொருள். அதுவரை கோயில் கட்டப் பயன்பட்ட பொருள்கள் எவையெவை என்பதையும், அவற்றையெல்லாம் விட்டுவிட்டுக் கல்லை மட்டும் நம்பத் தான் துணிந்ததையும் ஒரே கல்வெட்டில் அந்த அரசன் பதிந்து வைத்திருக்கிறான். ஆயனர் கற்பனைப் பாத்திரம். அவரைப் போன்ற சிற்பிகள் உண்மையில் இருந்தார்கள் என்பதற்கு உளித்தடம் படிந்த இந்தப் பாறையே சாட்சி. நாவலின் மகேந்திரரை விரும்பியவர் இங்கே அந்த அரசனின் சொந்தச் சொற்களின் முன்னால் நிற்கிறார்.

அதே வட்டாரத்துத் தளவானூரில் மகேந்திரவர்மனின் இன்னொரு குடைவரை உள்ளது. சத்ருமல்லேசுவரம் என்று பெயர். சத்ருமல்லன் என்பதும் அவன் பட்டப்பெயரே. மண்டகப்பட்டின் எளிமை இங்கே இல்லை. முகப்பின் மேல் மகர தோரணம் வளைந்து இறங்குகிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவருக்கு, கல்லில் வேலை செய்யும் கை துணிவு பெற்றுவரும் முறை விளங்கும். மூன்றாவதாகப் பனமலையைச் சேர்த்துக்கொள்ளலாம். சிறு குன்றின் மேல் இரண்டாம் நரசிம்மவர்மனான ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. சிற்றாலயம் ஒன்றின் சுவரில், குடையின் கீழ் ஒரு காலை மடக்கிச் சாய்ந்து நின்று, சிவனின் ஆடலைப் பார்க்கும் தேவியின் ஓவியம் மிஞ்சியிருக்கிறது. உடல் பகுதி பகுதியாக உதிர்ந்துவிட்டது. சாய்ந்த தலையும் மகுடமும் தாழ்ந்த இமையும் ஆயிரத்து முந்நூறு ஆண்டு கடந்தும் நிற்கின்றன. குடைந்த கோயில், அலங்கரித்த குடைவரை, கல்லை அடுக்கிக் கட்டிய கோயில் என்று பல்லவர் கட்டடக் கலையின் நூறாண்டு வளர்ச்சி ஒரு பகல் பயணத்துக்குள் அடங்குகிறது.

திண்டிவனத்தைச் சுற்றி இரண்டு சோழ அரசியர்

பொன்னியின் செல்வன் தொடங்குவது தொண்டை நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் நடுவே உள்ள திருமுனைப்பாடி நாட்டின் தெற்கு ஓரத்தில். நாவலின் முதல் பக்கமே நடுநாட்டு மண்ணில் நிகழ்கிறது. இருந்தும், நாவலைத் தேடிப் பயணம் செல்பவர்கள் இந்த வட்டாரத்தைக் கடந்து தஞ்சைக்கும் குடந்தைக்குமே போகிறார்கள்.

திண்டிவனத்தை அடுத்த தாதாபுரம் அவர்கள் இறங்கவேண்டிய முதல் ஊர். ராஜராஜபுரம் என்ற பழம்பெயர் மருவித் தாதாபுரம் ஆயிற்று. ராஜராஜனின் தமக்கை குந்தவை இங்கே சிவனுக்கு ஒன்றும் திருமாலுக்கு ஒன்றும் சமணருக்கு ஒன்றுமாக மூன்று கோயில்கள் எடுப்பித்தார். சிவன் கோயிலுக்கு ரவிகுல மாணிக்க ஈசுவரம் என்றும், பெருமாள் கோயிலுக்குக் குந்தவை விண்ணகர் என்றும், சமணக் கோயிலுக்குக் குந்தவை ஜினாலயம் என்றும் பெயர். அவர் கொடுத்த பொன், வெள்ளிக் கலங்களையும் முத்து நகைகளையும் கல்வெட்டுகள் பட்டியலிடுகின்றன. நாவலின் குந்தவை அறிவும் பெருந்தன்மையும் உள்ள அரசிளங்குமரி. கல்வெட்டின் குந்தவை மூன்று சமய நெறிகளுக்கும் ஒரே ஊரில் இடம் கொடுத்து, கொடுத்ததை எடைபோட்டுக் கல்லில் வெட்டிவைத்த நிர்வாகி. கதையில் கண்ட குந்தவையைவிடக் கல்வெட்டின் குந்தவை ஒரு படி உயர்ந்தே நிற்கிறார். வந்தியத்தேவன் என்ற பெயரும் கல்வெட்டிலிருந்து வந்ததுதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகக் குறிப்பிடுகிறது. அந்த ஒரு சொற்றொடரிலிருந்து கல்கி ஒரு நாயகனை உருவாக்கினார்.

இரண்டாவது ஊர் வராக நதிக்கரைத் திருவக்கரை. கண்டராதித்தரின் தேவியும் உத்தம சோழனின் தாயுமான செம்பியன் மாதேவி நாவலில் முதிய சிவபக்தையாக வருகிறார். பழைய செங்கற்கோயில்களைக் கற்றளிகளாக்குவதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட அரசி அவர். திருவக்கரைச் சந்திரமௌலீசுவரர் கோயில் கி.பி. 1001-ஐ ஒட்டி அவரால் கற்றளியானது. மக்கள் இன்று பெருவாரியாக வருவது வக்கிரகாளியம்மனை வழிபட. வழிபட வருகிறவர்களில் கல்வெட்டைத் திரும்பிப் பார்ப்பவர்கள் மிகச் சிலர்.

திருவக்கரைக்கு வருபவரின் கால உணர்வை அசைத்துவிடும் இடம் கோயிலுக்கு வெளியே இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்து, மெல்ல மெல்லக் கல்லாகிப்போன மரங்கள் சுமார் 247 ஏக்கரில் கிடக்கின்றன. 1781-இல் சொன்னரா என்ற ஐரோப்பிய இயற்கையியலாளர் இவற்றைப் பற்றி எழுதினார். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இதைத் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பாதுகாக்கிறது. மரத்தின் வளையங்களும் கிளை முறிந்த கணுக்களும் கல்லில் அப்படியே தெரிகின்றன. தட்டினால் கல்லின் ஓசை கேட்கிறது.

செஞ்சி: கதைப்பாடல் காத்த கோட்டை

திண்டிவனத்திலிருந்து சுமார் 28 கி.மீ., விழுப்புரத்திலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ள செஞ்சிக் கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டப்பட்டது. 1677-இல் சிவாஜி இதைக் கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம் இங்கே தங்கி ஆண்டபோது முகலாயப் படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு 1698-இல்தான் கோட்டையைப் பிடித்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ ‘மராத்தியப் படைத்தள நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றுள் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை, பன்னிரண்டாவது செஞ்சி.

தமிழ் மக்களின் மனத்தில் செஞ்சி நிற்பது சிவாஜியாலும் அல்ல, முற்றுகையாலும் அல்ல. சில மாதங்களே ஆண்ட ஓர் இளைஞனால். தேஜ்சிங் என்ற அந்த ராஜபுத்திரன் 1714-இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் படையை எதிர்த்து, சிறு படையோடு போரிட்டு மடிந்தான். தெருக்கூத்தும் கதைப்பாடலும் அவனைத் தேசிங்குராஜன் ஆக்கின. அடக்கமுடியாத பாராசாரிக் குதிரையை அவன் அடக்கியதும், முஸ்லிம் நண்பன் மோவுத்துக்காரன் தன் திருமணத்தை விட்டுப் போருக்கு ஓடிவந்து அவனோடு உயிர்விட்டதும், இளம் மனைவி உடன்கட்டை ஏறியதும் ஊரூராகப் பாடப்பட்டன. 1960-இல் ‘ராஜா தேசிங்கு’ திரைப்படமும் வந்தது. கோட்டைக்குள் குளக்கரையில் அவன் எரியூட்டப்பட்ட இடம் என்று ஒரு திடலை இன்றும் காட்டுகிறார்கள். ஆவணங்களில் ஓரிரு பத்திகளே பெற்ற ஒரு தோல்வியை மக்கள் முந்நூறு ஆண்டாகக் காத்துவருகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் கதை.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். அடிவாரத்தில் கல்யாண மகாலும் நெற்களஞ்சியமும் உடற்பயிற்சிக் கூடமும் உள்ளன. மேலே ஏறும்போது உச்சிக்குச் சற்று முன்பாகப் பாறை இரண்டாகப் பிளந்து ஆழமான வெட்டு ஒன்று குறுக்கிடுகிறது. சிறு பாலத்தால்தான் அதைக் கடக்கவேண்டும். பாலத்தை எடுத்துவிட்டால் பத்துப் பேர் ஒரு படையையே நிறுத்திவிடலாம். முற்றுகை ஏன் அத்தனை ஆண்டு நீடித்தது என்பது அந்தப் பாலத்தின் மேல் நிற்பவருக்கு எந்த நூலும் சொல்லாத தெளிவோடு விளங்குகிறது. உச்சியில் அரங்கநாதர் கோயிலும் மணிக்கூண்டும் ஒரு பீரங்கியும் இருக்கின்றன. தேசிங்கு புறப்பட்டுச் சென்ற சமவெளி முழுதும் அங்கிருந்து தெரியும்.

ஒரு நாளை வகுத்துக்கொள்ளும் முறை

விழுப்புரம் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி ஆகிய ஐந்து திசை ரயில்பாதைகள் கூடும் சந்திப்பு. திண்டிவனம் சென்னைச் சாலையும் திருவண்ணாமலைச் சாலையும் புதுச்சேரிச் சாலையும் பிரியும் ஊர். வெளியூரிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்குபவரும் மாலைக்குள் ஒரு சுற்றை முடித்துவிடலாம். இந்த இடங்களை நான்கு நாள்களாகப் பிரிப்பது பொருத்தம்.

முதல் நாள் பல்லவருக்கு: விழுப்புரத்திலிருந்து மண்டகப்பட்டு, தளவானூர், பனமலை. பிரதான சாலையிலிருந்து உள்ளே செல்லவேண்டியிருப்பதால் இருசக்கர வாகனமோ ஆட்டோவோ வசதி. இரண்டாம் நாள் சோழ அரசியருக்கு: திண்டிவனத்திலிருந்து தாதாபுரம், பிறகு திருவக்கரை. மூன்றாம் நாள் முழுவதும் செஞ்சிக்கு. விழுப்புரம், திண்டிவனம் இரண்டிலிருந்தும் பேருந்து உண்டு. வெயில் ஏறுமுன் ராஜகிரியை ஏறி முடிப்பதும் தண்ணீர் எடுத்துச் செல்வதும் அவசியம்; குரங்குகள் உள்ள இடமாதலால் தின்பண்டம் பையை விட்டு வெளியே வரக்கூடாது. நான்காம் நாள் காட்பாடிப் பாதை ரயிலில் திருக்கோவிலூர், அதாவது பழைய திருக்கோவலூர். ராஜராஜனின் தாய் வானவன்மாதேவி மலையமான் குலத்தில் பிறந்தவர். பொன்னியின் செல்வனில் ராஜராஜனின் தமையன் ஆதித்த கரிகாலனின் பாட்டனாக வருபவர் திருக்கோவலூர் மலையமான். அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு வானவன்மாதேவி உடன்கட்டை ஏறியதையும், பாரியின் நண்பர் கபிலர் உயிர்நீத்த பாறையையும் சேர்த்தே சொல்கிறது. பெண்ணையாற்றில் கபிலர் குன்று இன்றும் நிற்கிறது. சங்கப் புலவரையும் சோழ அரசியையும் வாரப் பத்திரிகை நாவலையும் ஒரே ஊரில் பார்க்க வேறு இடம் தேடவேண்டியதில்லை.

போகுமுன் அந்தந்த இடத்துக்குரிய அத்தியாயத்தையோ கதைப்பாடலையோ படித்துவிட்டுப் போவது பயணத்தைப் பன்மடங்கு செழிப்பாக்கும். ஜப்பானியப் பயணியின் கையில் காட்சி இருப்பதுபோல, இங்கே வருபவரின் கையில் நாவலும் கல்வெட்டின் தமிழாக்கமும் இருக்கவேண்டும்.

கதைக்கும் இடத்துக்கும் உள்ள கடன்

ஜப்பானிய ஊர்களுக்கும் விழுப்புரம் வட்டாரத்துக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ரயில்வே கேட்டிலும் மாடிப்படியிலும் பயணி காண்பது கதையின் அடையாளத்தை மட்டும்தான். கதையை எடுத்துவிட்டால் அது மற்றுமொரு தெரு. மண்டகப்பட்டிலும் தாதாபுரத்திலும் கதை பயணியை வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது. அதற்கு மேல் கல் தானே பேசுகிறது. கதை சொல்லாத உண்மைகள் அந்தப் பேச்சில் இருக்கின்றன. நாவலை நம்பி வந்தவர் நாவலைவிடப் பெரிய ஒன்றைக் கற்றுத் திரும்ப முடியும் என்பதே இந்த வட்டாரத்தின் சிறப்பு.

அந்தப் பேச்சைக் கேட்கவைக்கும் ஏற்பாடு போதவில்லை. குடைவரையின் முன் நிற்பவருக்குக் கல்வெட்டின் பொருளை எளிய தமிழில் சொல்லும் பலகை வேண்டும். பிரதான சாலையிலேயே வழிகாட்டும் அம்புக்குறி வேண்டும். அருகிலுள்ள பள்ளிகளின் பிள்ளைகளுக்கு ஆண்டில் ஒரு நாள் இந்த ஊர்கள் வகுப்பறையாகவேண்டும். ஓஆராயின் கடைக்காரர்கள் செய்தது பெரும் பணத்தால் ஆன காரியம் இல்லை. ஆளுக்கொரு பலகையும் வருகிறவர்களை வரவேற்கும் மனமும்தான் அங்கே முதலீடு. ஊராட்சியும் ஊர்க் கடைகளும் சேர்ந்தால் மண்டகப்பட்டிலும் அதைச் செய்யமுடியும்.

பயணிக்கும் கடமை உண்டு. பாறையில் பெயர் கிறுக்குவதும், ஓவியத்தைக் கையால் தொடுவதும், கல்மரத்தின் சில்லை நினைவுக்காக எடுத்துப்போவதும் அடுத்து வருபவரிடமிருந்து திருடுவதற்குச் சமம். பனமலைத் தேவியின் முகம் இன்னும் எத்தனை தலைமுறைக்கு இருக்கும் என்பதைக் காலத்தோடு அங்கே போகிறவர்களின் கைகளும் தீர்மானிக்கும். கையைக் கட்டிக்கொண்டு, கண்ணால் மட்டும் பார்த்துத் திரும்புங்கள்.